அடக்க விலையில் உங்கள் கூலி எங்கே? (அத்தியாயம் 5: வீட்டுப் பொடித் தொழிலின் கணக்கு)

வீட்டில் இட்லிப் பொடி செய்து விற்பவரிடம் ஒரு பாக்கெட்டுக்கு என்ன செலவாகிறது என்று கேட்டுப் பாருங்கள். உளுந்து கிலோ என்ன விலை, மிளகாய் போன மாதம் எவ்வளவு ஏறியது, எள் எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் மடமடவென்று வரும். உங்கள் கூலி எவ்வளவு என்று அடுத்துக் கேட்டால், "நான்தானே செய்றேன், எனக்கு என்ன கூலி?" என்று சிரிப்பார்கள். ருசியில் குறை சொல்ல முடியாத பொடிகூட ஒன்றிரண்டு வருடத்தில் நின்றுபோவதற்கு இந்தப் பதில் ஒன்றே போதும்.

எந்தப் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது, யாருக்கு விற்பது என்பதை முந்தைய அத்தியாயங்களில் முடிவு செய்துவிட்டீர்கள். இந்த அத்தியாயம் விலையைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு இட்லிப் பொடியை எடுத்துக்கொள்வோம். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு என எதைச் செய்தாலும் கணக்கு போடும் முறை இதுதான்.

கூலியை ஏன் எழுத வேண்டும்?

உங்கள் உழைப்பை மதிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தொழிலுக்கு அதைவிட அவசரமான காரணம் இன்னொன்று உண்டு. கூலி சேர்க்காமல் வைத்த விலையில் நீங்கள் ஒருவர் மட்டுமே வேலை செய்ய முடியும். தீபாவளி சமயத்தில் ஆர்டர் இரண்டு மடங்காகிறது. மிளகாய் காம்பு ஆய்வதற்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறீர்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் எந்தப் பாக்கெட்டிலிருந்து வரும்? விலையில் அதற்கு இடமே இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான்: வேறு ஆளை வைத்துச் செய்தால் நஷ்டம், செய்யாவிட்டால் கடைக்காரர் வேறு சரக்கை அடுக்கிவிடுவார். அதன் பிறகு விலையை ஏற்றினால், பழைய விலைக்குப் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

1959-ல் மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் பப்பட் என்று நாடெங்கும் தெரிந்த பெயரானது. அங்கே பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் இடும் பெண்களுக்கு, இட்ட அப்பளத்தின் எடைக்கு ஏற்பக் கூலி கணக்கிடப்படுகிறது. எல்லோரும் நிறுவனத்தின் பங்காளிகள். ஆனாலும் கூலி தனி, லாபம் தனி. ஒரே ஆள் நடத்தும் தொழிலிலும் இந்த இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்.

எவ்வளவு எழுதுவது? அதே வேலைக்கு உங்கள் ஊரில் வேறொருவரை வைத்தால் மணிக்கு என்ன கொடுப்பீர்களோ, அதுதான் உங்கள் கூலி. அதற்குக் குறைத்து எழுதாதீர்கள்.

ஒரு ஈடு, ஒரு கணக்கு

அடக்க விலையைக் கிலோவுக்குப் போடுவதைவிட ஈட்டுக்குப் போடுவது எளிது. ஒரு தடவை சாமான் வாங்கி, வறுத்து, அரைத்து, அடைத்து முடிப்பதை ஓர் ஈடு என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. முறையைப் பார்த்துக்கொண்டு, விலைகளை உங்கள் ஊர் மளிகைக் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூலப்பொருள்:

- வெள்ளை உளுந்து 2 கிலோ: ரூ. 280
- கடலைப் பருப்பு 1 கிலோ: ரூ. 100
- காய்ந்த மிளகாய் 600 கிராம்: ரூ. 150
- கறுப்பு எள் 500 கிராம்: ரூ. 120
- பெருங்காயம் 50 கிராம்: ரூ. 70
- கல் உப்பு 250 கிராம்: ரூ. 5
- வறுக்க நல்லெண்ணெய்: ரூ. 20
- கறிவேப்பிலை: ரூ. 15

ஆக மொத்தம் ரூ. 760. எண்ணெயையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டால் உள்ளே போன எடை 4 கிலோ 400 கிராம். வெளியே வருவது அவ்வளவு இருக்காது. மிளகாயில் காம்பு போகும், பருப்பில் கல்லும் சொத்தையும் போகும், வறுக்கும்போது ஈரம் போகும், மிக்ஸி ஜாரிலும் சல்லடையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சேதாரத்தை முதல் மூன்று நான்கு ஈடுகளில் தராசில் வைத்தே கண்டுபிடியுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். நம் மாதிரியில் 4 கிலோ பொடி கிடைப்பதாகக் கொள்வோம். 200 கிராம் வீதம் 20 பாக்கெட்.

அதில் ஒன்றை விற்காதீர்கள். ஈட்டு எண்ணும் தேதியும் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் "இந்தத் தடவை காறலடிக்குது" என்று சொன்னால், அதே ஈட்டின் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்லலாம். குற்றம் பொடியிலா, அவர் வீட்டு ஈரக் கரண்டியிலா என்பது உடனே தெரிந்துவிடும். எனவே விற்பனைக்கு 19 பாக்கெட்.

இனி மற்ற செலவுகள்:

- பவுச்சும் லேபிளும், 20 எண்ணம், தலா ரூ. 6: ரூ. 120
- எரிவாயு, மின்சாரம்: ரூ. 60
- மிக்ஸி, சீலிங் மெஷின், தராசு தேய்மானம்: ரூ. 60
- போன், பதிவுக் கட்டணம், பரிசோதனை ஆகியவற்றில் ஓர் ஈட்டின் பங்கு: ரூ. 40
- கூலி, 6 மணி நேரம், மணிக்கு ரூ. 75: ரூ. 450

தேய்மானம் 60 ரூபாய் எப்படி வந்தது? மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 18,000 ரூபாய், மூன்று வருடம் உழைக்கும், வருடத்துக்கு 100 ஈடு என்று கொண்டால், ஈட்டுக்கு 60. இந்தத் தொகையைத் தனி உறையிலோ கணக்கிலோ போட்டுவந்தால், மிக்ஸி மோட்டார் புகையும் நாளில் கடன் கேட்டு நிற்க வேண்டாம்.

ஆறு மணி நேரமும் அடுப்படி வேலை என்று நினைக்காதீர்கள். சாமான் வாங்கிவர 60 நிமிடம், பொறுக்கிக் காம்பு ஆய 60, வறுக்க 75, அரைத்துச் சலிக்க 45, எடைபோட்டுச் சீல் வைத்து லேபிள் ஒட்ட 75, பாத்திரம் கழுவி மேடை துடைத்துக் கடையில் சேர்க்க 45. பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் பேருந்துக் கட்டணம் இல்லாமல் சந்தைக்குப் போய்வந்தாலும், போய்வந்த நேரத்துக்குக் கூலி உண்டு. ஆறவைக்கும் நேரத்தில் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

மொத்தம் ரூ. 1,490. 19-ஆல் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் அடக்கம் ஏறக்குறைய 78 ரூபாய் 40 காசு.

பலர் போடும் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாமான் 760, பவுச் 120, ஆக 880. இருபதால் வகுத்தால் 44. "அறுபது ரூபாய்க்குக் கொடுத்தால் பதினாறு ரூபாய் லாபம்" என்று தோன்றும். உண்மையில் 19 பாக்கெட் விற்று வருவது 1,140 ரூபாய். கூலி நீங்கலான செலவு 1,040. ஆறு மணி நேர உழைப்புக்கு மிஞ்சுவது 100 ரூபாய், அதாவது மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. லாபம் என்று எண்ணியது உங்கள் கூலியின் ஒரு துண்டுதான்.

கடைக்காரரின் கழிவு

அடக்கத்தின் மேல் லாபம் வைக்க வேண்டும். மிளகாய் விலை திடீரென்று ஏறினால் தாங்குவதற்கும், ஒரு ஈடு தீய்ந்துபோனால் ஈடுகட்டுவதற்கும், பெரிய அரவை இயந்திரம் வாங்குவதற்கும் பணம் அங்கிருந்துதான் வரும். 78 ரூபாய் 40 காசு அடக்கத்தின் மேல் பத்து சதவீதம் போல வைத்து 86 ரூபாய் என்று கொள்வோம்.

தெருமுனைக் கடைக்காரர் 20 சதவீதம் கழிவு கேட்கிறார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 86 ரூபாயோடு 20 சதவீதம் கூட்டி 103 என்று எம்.ஆர்.பி. அச்சடித்துவிடுகிறார்கள். கடைக்காரரோ எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம் கழிக்கிறார். 103-ல் 20 சதவீதம் போனால் கைக்கு வருவது 82 ரூபாய் சொச்சம். வைத்த லாபத்தில் பாதி காணாமல் போயிற்று. சரியான முறை, 86-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. 107 ரூபாய் 50 காசு வரும். அதை 110 என்று முழுமையாக்கினால் கடையிலிருந்து உங்களுக்கு 88 ரூபாய் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து வாங்குபவருக்கு என்ன விலை? பலர் கடைக்குக் கொடுக்கும் 88 ரூபாய்க்கே வீட்டிலும் கொடுத்துவிடுகிறார்கள். தெருவில் விஷயம் பரவியதும் கடைக்காரர் "உங்க வீட்டுலயே கம்மியா கிடைக்குதாமே" என்று பாக்கெட்டுகளைத் திருப்பிவிடுவார். வீட்டு விற்பனைக்கும் நேரம் செலவாகிறது: போன் எடுப்பது, வாட்ஸ்ஆப்பில் பதில் போடுவது, கதவைத் திறந்து பேசி அனுப்புவது. எனவே வீட்டிலும் எம்.ஆர்.பி.யை ஒட்டிய விலையே இருக்கட்டும். தள்ளுபடி தர விரும்பினால் மூன்று பாக்கெட் சேர்த்து வாங்குவோருக்குத் தாருங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் மட்டும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

விலை கட்டுபடியாகவில்லையா?

110 ரூபாய்க்கு உங்கள் பகுதியில் விற்காது என்று தோன்றலாம். உடனே கூலியில் கை வைக்காதீர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்.

ஈட்டை இரண்டு மடங்காக்கினால் நேரம் இரண்டு மடங்காவதில்லை. கடைக்குப் போவது ஒரே தடவை, மேடை துடைப்பதும் ஒரே தடவை. 8 கிலோ பொடிக்கு 8 மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். சாமான் 1,520, பவுச் 240, எரிபொருள் 110, தேய்மானம் 120, மற்றவை 60, கூலி 600, ஆக 2,650. 39 பாக்கெட்டால் வகுத்தால் அடக்கம் 68 ரூபாய். இப்போது எம்.ஆர்.பி.யை 99 என்று வைத்தாலும் கடைக் கழிவு போக 79 ரூபாய் வருகிறது. லாபம் முன்பைவிடக் கூடுகிறது, கூலியும் முழுதாக நிற்கிறது. ஆனால் அந்த 39 பாக்கெட்டும் மூன்று நான்கு வாரத்துக்குள் விற்கும் என்றால் மட்டுமே பெரிய ஈடு போடுங்கள். தேங்கிய பொடி மணம் இழந்து, அடுத்த ஈட்டின் வாடிக்கையாளரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது கொள்முதல். மிளகாய், எள், பருப்பு எல்லாவற்றுக்கும் வரத்துக் காலம் உண்டு. ராமநாதபுரம் பக்கம் மிளகாய் அறுவடை மும்முரமாகும் மாசி, பங்குனியில் விலை இறங்குவது வழக்கம். பருப்பு, மிளகாய், எள் மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போன விருதுநகரின் சந்தை விலையைக் கவனித்துவந்தால், உங்கள் ஊர் விலை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே பிடிபடும். மலிவு என்று ஆறு மாதச் சரக்கை வாங்கி அடுக்கிவிடாதீர்கள். வண்டு விழுந்த பருப்பு எந்த விலைக்கும் மலிவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்ல வழி. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் இது இன்னும் எளிது.

மூன்றாவது, பாக்கெட்டின் அளவு. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்குப் பெயர்பெற்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 110 ரூபாய் கொடுத்து அறிமுகமில்லாத பொடியை வாங்கத் தயங்குபவர், 50 கிராம் பாக்கெட்டை வாங்கிப் பார்ப்பார். ஆனால் 200 கிராம் அடக்கத்தை நான்கால் வகுத்து 50 கிராமுக்கு விலை வைக்காதீர்கள். முன்பு இருபது தடவை எடைபோட்டுச் சீல் வைத்தீர்கள். இப்போது அதே பொடிக்கு எண்பது தடவை. பவுச்சும் எண்பது. சின்னப் பாக்கெட்டுக்குத் தனியாக அடக்கம் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விலை ஒத்துவரவில்லை என்றால், அந்தப் பண்டத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்வதே புத்திசாலித்தனம்.

கெட்டுப்போவதும் ஒரு செலவுதான்

திரும்பி வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் 78 ரூபாய் நஷ்டம். அதை ஈடுகட்ட எட்டு பாக்கெட் விற்ற லாபம் வேண்டும். எனவே பக்குவமும் கணக்கோடு சேர்ந்ததுதான்.

பொடிக்கு முதல் எதிரி ஈரம். பருப்பு வறுபட்டதும் தாம்பாளத்தில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் எள்ளின் எண்ணெய் கசிந்து பொடி களியாகும். அரைக்கும்போதும் சூடு ஏறும். எனவே விட்டுவிட்டு அரையுங்கள், மோட்டாருக்கும் அது நல்லது. அரைத்த பொடியை மறுபடி பரப்பி ஆறவைத்த பிறகே பவுச்சில் போட வேண்டும். வெதுவெதுப்பான பொடியைச் சீல் வைத்தால் உள்ளே நீராவி வேர்த்து, கட்டி தட்டி, சில நாளில் பூசணம் பிடிக்கும். கல் உப்பையும் வெறும் சட்டியில் வறுத்தே சேருங்கள்.

இரண்டாவது எதிரி காறல். எள், நிலக்கடலை, கொப்பரை சேர்ந்த பொடியில் எண்ணெய்ச் சத்து அதிகம். காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். பூண்டுப் பொடியும் தேங்காய்ப் பொடியும் இட்லிப் பொடி அளவுக்குத் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலாவதித் தேதி வேண்டும். சில பாக்கெட்டுகளை அறைச் சூட்டில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, ருசித்து, எழுதிவாருங்கள். மணம் குறையத் தொடங்கும் நாளுக்கு நன்றாக முன்னாலேயே காலாவதியை வையுங்கள். பரிசோதனைக் கூட அறிக்கை வேண்டுமானால் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் போன்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களை அணுகலாம். பயிற்சியும் அங்கே உண்டு.

சாமான் வாங்கும்போது கறுத்த, பூத்த மிளகாயையும் சுருங்கிய நிலக்கடலையையும் விலை குறைவென்று எடுத்துவிடாதீர்கள். ஈரத்தில் அவற்றில் வளரும் பூசணம் ஆஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போவதில்லை.

அளவு கூடியதும் மாவு மில்லில் கொடுத்து அரைக்க வேண்டிவரும். உங்களுக்கு முன்னால் அரைத்தது மஞ்சளா, கோதுமையா, சீயக்காயா என்று கேளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. முதலில் ஒரு கைப்பிடிப் பருப்பைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு உங்கள் சாமானைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கைப்பிடியும் சேதாரக் கணக்கில் சேரும்.

அரசுக் காகிதங்கள்

இவற்றில் பெரும்பாலானவை கணினி மையத்தில் ஒரு காலைப்பொழுதில் முடியக்கூடியவை. தரகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: 2006-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவருக்கும் இது கட்டாயம். 2011-ம் ஆண்டு விதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்குப் பதிவு, அதற்கு மேற்பட்டவருக்கு உரிமம் என்று பிரித்தன. வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவதுண்டு. விண்ணப்பிக்கும் நாளில், இந்தப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் இருப்பதே செல்லும். பதிவானதும் 14 இலக்க எண் கிடைக்கும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் முன்பே சொல்லி, ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

லேபிள்: பண்டத்தின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதி, ஈட்டு எண், உங்கள் பெயர் முகவரி, 14 இலக்க எண், சைவப் பண்டம் என்பதற்கான பச்சை வட்டக் குறி, எல்லா வரிகளும் உட்பட்ட எம்.ஆர்.பி., புகாருக்கான போன் எண். ஒவ்வாமை தரும் பொருளையும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இருந்தால் கோதுமை என்று உங்கள் லேபிளிலும் குறிப்பிடுங்கள். செய்தித்தாளில் உணவுப் பண்டத்தை மடித்துக் கொடுப்பது விதிகளுக்குப் புறம்பு.

தராசு: விற்பனைக்கு எடைபோடும் தராசில் முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவின் பொறுப்பு. பொட்டலம் கட்டி விற்பவர் பதிவும் அங்கேதான்.

ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருவில் இருப்பவர் போனில் ஆர்டர் கொடுக்க, நீங்கள் கூரியரில் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. வரிக்கு உட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. எனவே வெளிமாநில ஆர்டர் எடுக்கும் முன் வரி ஆலோசகரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

உதயம் பதிவு: குறு, சிறு நிறுவனமாக அங்கீகாரம் பெற 2020 ஜூலை முதல் உள்ள ஏற்பாடு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளமல்ல.

எரிவாயு: சிவப்பு நிற 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். விற்பனைக்குச் செய்வதற்கு நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். அடக்கத்திலும் வணிக சிலிண்டர் விலையையே போடுங்கள். இல்லாவிட்டால் தொழில் வளரும்போது கணக்கு உதைக்கும்.

கல்லாவும் கடன் நோட்டும்

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் அட்டை. இது பணக்காரத்தனம் அல்ல. மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று தெரிய வேறு வழி கிடையாது. வீட்டு உளுந்து டப்பாவிலிருந்து தொழிலுக்கு எடுத்தால் அதற்குப் பணம் வையுங்கள். விற்பனைப் பொடியை வீட்டு இட்லிக்கு எடுத்தால் அடக்க விலையைக் கல்லாவில் போடுங்கள். கூலியை வாரம் ஒருமுறை தொழில் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். எழுதி மட்டும் வைத்து எடுக்காமல் விட்ட கூலி, அடுத்த மாத மளிகையில் கரைந்துபோகும்.

உறவுக்காரர் வருவார்கள். "ஏம்மா, சித்திகிட்டயே காசு வாங்குவியா?" என்பார்கள். அவர்களுக்காக 20 கிராம் மாதிரிப் பொட்டலங்கள் கட்டி வையுங்கள். மாதத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை இருக்கட்டும். அதன் செலவை விளம்பரம் என்று எழுதுங்கள். முழுப் பாக்கெட் கேட்டால், சித்தியானாலும் விலைதான். முதல் மாதம் மனத்தாங்கல் இருக்கும், பிறகு பழகிவிடும்.

கடைக்குச் சரக்குப் போடும் முன் மூன்று விஷயத்தைப் பேசி, நோட்டில் எழுதி, கடைக்காரர் கையெழுத்தையும் வாங்குங்கள்: பணம் எத்தனை நாளில், விற்காத பாக்கெட்டைக் காலாவதிக்கு எத்தனை நாள் முன்பு திருப்பித் தருவார், எலி கடித்ததோ நனைந்ததோ யார் பொறுப்பு. பணம் வர ஒரு மாதம் ஆகும் என்றால், அதற்குள் நீங்கள் ஐந்து சின்ன ஈடு போட்டிருப்பீர்கள். கூலியை விட்டுவிட்டாலும் 5,200 ரூபாய் கையிலிருந்து போயிருக்கும். அந்தப் பணம் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். நகையை வைத்து மிளகாய் வாங்கும் நிலை வரக் கூடாது. பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்குக் கொடுப்பதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னால் முகம் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

கடன் எப்போது வாங்கலாம்?

மூன்று மாதக் கணக்கு கையில் இருந்து, கூலி எடுத்த பிறகும் லாபம் நிற்கிறது, ஆர்டரை நிறைவேற்ற இயந்திரம்தான் போதவில்லை என்றால் வாங்கலாம். விற்பனை மந்தமாக இருப்பதைச் சரிசெய்யக் கடன் உதவாது.

2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் கிடைக்கும். உணவுக் குறுந்தொழில்களுக்காக 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம், தகுதியான முதலீட்டில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுத்தது. திட்டங்களுக்குக் காலவரம்பு உண்டு. இப்போது எது நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் கையில் தரும் பணம் இல்லை, வங்கிக் கடனோடு இணைந்தது. மானியம் வருகிறது என்பதற்காகத் தேவையில்லாத இயந்திரத்தை வாங்கினால், தவணை மட்டும் உங்கள் கையில் நிற்கும். வங்கி மேலாளர் முன் வைக்க, இந்த அத்தியாயத்தில் போட்ட ஈட்டுக் கணக்கைவிட நல்ல திட்ட அறிக்கை கிடையாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. அடுத்த ஈட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதுங்கள்.

2. உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் தராசில் பார்த்து, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள்.

3. உங்கள் தெருவில் இதே வேலைக்கு ஆள் வைத்தால் மணிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று இரண்டு பேரிடம் விசாரித்து, அதை உங்கள் கூலியாக எழுதுங்கள்.

4. புது அடக்கத்தை இப்போதைய விலையோடு ஒப்பிடுங்கள். விலை குறைவாக இருந்தால் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். அடுத்த ஈட்டின் லேபிளை அச்சடிக்கும்போது ஒரு படி, இரண்டு மாதம் கழித்து இன்னொரு படி என்று ஏற்றுங்கள்.

5. வாரக் கடைசியில் கூலியை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றப் பணம் இல்லையென்றால், இந்தப் பட்டியலின் இரண்டாவது வேலையிலிருந்து கணக்கை மறுபடி பாருங்கள்.